ஸ்கவுட், ஜிப், பற்று நோட்டு: 19-ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கடைக்கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றதும் பேச்சு பேராசிரியர்கள் பக்கமே போய்விடுகிறது. அங்கே படித்த பையன்களுக்குக் காலையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தவர் யார், ஷூவைத் துடைத்தவர் யார், தையல்காரர் பாக்கியைக் கடைசியில் யார் அடைத்தார்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

முதலில், அந்தக் காசுக் கணக்கு என்ன?

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 21 ஷில்லிங்குக்குக் கின்னி என்று பெயர். தையல்காரர், ட்யூட்டர் போன்றவர்கள் கின்னியில் சொல்வார்கள். மளிகைக்காரர் ஷில்லிங்கில் சொல்வார்.

மாணவர் அறையில் உண்மையிலேயே வேலையாள் இருந்தாரா?

இருந்தார். ஆனால் ஒரு மாணவருக்கு ஒருவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரிக் கட்டடத்தில் நீண்ட வராந்தா கிடையாது. முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மாடிப்படிகள். ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகள். வேலையாளுக்கும் படிக்கட்டுக் கணக்குத்தான். ஒரு படிக்கட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே ஆள் பொறுப்பு. அவரை ஆக்ஸ்போர்டில் ஸ்கவுட் என்பார்கள், கேம்பிரிட்ஜில் ஜிப் என்பார்கள். அயர்லாந்தின் டப்ளினில் அதே ஆளுக்கு ஸ்கிப் என்று பெயர்.

விடியற்காலையில் கணப்பை மூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, ஆளை எழுப்புவது, சமையற்கட்டிலிருந்து காலைச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவது, விருந்து வைத்தால் பரிமாறுவது என்று அவருடைய நாள் போகும். கேம்பிரிட்ஜில் இதில் ஒரு பகுதியைப் பெட்மேக்கர் என்ற பெண்கள் செய்தார்கள். படுக்கையைத் தட்டிப் போடுவது, கூட்டுவது, பாத்திரம் கழுவுவது அவர்கள் பாடு. பெரும்பாலும் வயதான அம்மாக்களையே வைத்துக்கொண்டார்கள். காரணத்தை விளக்கத் தேவையில்லை. பையன்களை நம்பாத கல்லூரி, கிழவிகளை நம்பியது.

இவர்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. வேலையாளுக்கான கட்டணம் மாணவரின் கல்லூரிக் கணக்கில் ஏறும். அதற்கு மேல் மாணவர் கையிலிருந்து கொடுக்கும் இனாம். இவை இரண்டையும்விட அவர்கள் நம்பியிருந்தது மிச்சம் மீதியை. அறையில் விருந்து நடந்தால் தட்டில் மீந்த இறைச்சி, பாட்டிலின் அடியில் நின்ற ஒயின், எரிந்து குட்டையான மெழுகுவர்த்தி எல்லாம் ஸ்கவுட்டுக்குச் சொந்தம் என்பது எழுதாத சட்டம். எது மீந்தது, எது மீந்ததாக ஆக்கப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பாதி வெட்டிய ரொட்டி மறுநாள் மேஜைக்குத் திரும்பி வராது. டீத்தூளும் சர்க்கரையும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீரும். பெட்மேக்கர் கையில் ஒரு கூடையோடு வீட்டுக்குப் போவது அந்தக் காலக் கேலிச் சித்திரக்காரர்களுக்குத் தீராத விருந்து.

இதைத் திருட்டு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளத்தைக் குறைவாக வைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள் என்று சொல்லாமல் சொன்னது கல்லூரி. மாணவரும் கண்டுகொள்ளமாட்டார், பணம் அப்பாவுடையது.

சாப்பாடு ஹாலிலா, அறையிலா?

மாலைச் சாப்பாடு ஹாலில், அங்கியோடு, எல்லாரும் சேர்ந்து. காலை உணவு பெரும்பாலும் அறைக்கு வரும். ரொட்டி, வெண்ணெய், பீர் போன்றவற்றைக் கொடுப்பது பட்டரி என்ற கல்லூரிப் பண்டகசாலை. சமைத்த உணவு சமையற்கட்டிலிருந்து. இரண்டின் கணக்கும் சேர்ந்து ஆக்ஸ்போர்டில் பேட்டல்ஸ் என்ற பெயரில் பில்லாக வரும்.

கேம்பிரிட்ஜில் வெண்ணெயை அளந்து கொடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அங்கே வெண்ணெயைக் கெஜக்கணக்கில் விற்றார்கள்! ஒரு கெஜ நீளத்துக்கு, மெல்லிய கோலாக உருட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். கல்லூரியில் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு. தராசு வேண்டாம், சண்டை வேண்டாம். எத்தனை துண்டு போனது என்று எண்ணினால் கணக்கு முடிந்தது.

வெளிக்கடைகளும் இந்தக் காலை மேஜையை வைத்துப் பிழைத்தன. ஆக்ஸ்போர்டு ஹை ஸ்ட்ரீட் 83-ஆம் எண்ணில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ஃபிராங்க் கூப்பர். 1874-ல் அவர் மனைவி சாரா ஜேன் வீட்டில் ஆரஞ்சு மார்மலேடு கிண்டினார்; மீந்ததைக் கடையில் வைத்து விற்றார்கள். அப்புறம் அதுவே பெரிய தொழிலாகி, ஆக்ஸ்போர்டு மார்மலேடு என்று உலகமெல்லாம் போனது.

ஒரு மாணவரின் உண்மையான கணக்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. அதுவும் சாதாரண ஆளுடையது இல்லை, சார்லஸ் டார்வினுடையது. கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் 1828 முதல் 1831 வரை அவர் இருந்தார். அந்தக் காலத்துக் கல்லூரிக் கணக்குப் புத்தகங்கள் கண்டெடுக்கப்பட்டு, அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 2009-ல் இணையத்தில் வெளியிடப்பட்டன. மொத்தச் செலவு 636 பவுண்டு, 0 ஷில்லிங், ஒன்பதரைப் பென்ஸ். அந்த அரைப் பென்ஸைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே புரட்டினால் ஒரு சின்ன ஊரே தெரிகிறது. தையல்காரர், முடிதிருத்துபவர், ஷூ துடைப்பவர், சலவைக்காரி, பாத்திரம் தேய்ப்பவர், நிலக்கரி என்று ஆளாளுக்கு ஒரு பத்தி. ஹாலில் கொடுத்த சாப்பாட்டில் இறைச்சியும் பீரும் இருந்தன. கூடக் காய்கறி வேண்டுமென்றால் தனிக்காசு. டார்வின் ஒரு நாளைக்கு ஐந்தரைப் பென்ஸ் கொடுத்துக் காய்கறி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். புத்தகச் செலவு? தேடித்தான் பார்க்க வேண்டும். உடுப்புக்கும் ஷூவுக்கும் போனதில் சிறு பங்குகூடப் புத்தகத்துக்குப் போகவில்லை. படிப்பைவிட வண்டு பிடிப்பதிலும் வேட்டையிலும்தான் பொழுது போனது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டவர், ஆகவே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதலில் வந்தபோது கல்லூரிக்குள் அறை காலி இல்லை. சிட்னி ஸ்ட்ரீட்டில் ஒரு புகையிலைக் கடைக்கு மேலே மாடியில் தங்கினார். ஊர்க்காரர்களுக்கு இதுவும் ஒரு வருமானம்: கீழே கடை, மேலே மாணவர்.

இந்தப் பில்கள் கல்லூரிக் கணக்குக்கு எப்படி வந்தன? கடைக்காரர் மாணவரிடமே வாங்கியிருக்கலாமே?

கேம்பிரிட்ஜில் ட்யூட்டர் என்பவர் பாடம் சொல்லிக்கொடுப்பவர் மட்டும் இல்லை, பையனின் பணத்துக்கும் காவல்காரர். ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் பில்லை அவருக்கு அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி, தகப்பனாருக்கு எழுதுவார். சேரும்போதே ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டால் அதில் கழித்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் இன்றும் காஷன் டெபாசிட் என்று வாங்குகிறார்களே, ஏறக்குறைய அதே பெயரில் அங்கே அப்போதே இருந்தது.

ஏற்பாடு காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில், அப்பாவுக்குத் தெரியக்கூடாத பில் எதுவும் ட்யூட்டர் மேஜைக்குப் போகாது. அண்ணாச்சி கடையில் சிகரெட்டை ‘மிட்டாய்’ என்று நோட்டில் எழுதச் சொல்லும் பையன் மாதிரிதான். கடைக்காரரும் மறுக்கமாட்டார். அவர் மறுத்தால் அடுத்த கடைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

கடன் அவ்வளவு சுலபமாகவா கிடைத்தது?

புதிதாக வந்த பையன் ஊருக்குள் நுழைந்ததுமே தையல்காரரும் ஒயின் வியாபாரியும் சுருட்டுக் கடைக்காரரும் வாடிக்கை பிடிக்க முந்துவார்கள். பணமா, அதற்கென்ன அவசரம், படித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மூன்று வருஷம் கழித்து வரும் பணத்துக்கும், வராமலே போகும் பணத்துக்கும் சேர்த்து விலை வைத்திருப்பார்கள் என்பது பையனுக்குத் தெரியாது. கடன் கொடுத்துக் கெடுத்தான் என்று கடைக்காரரை மட்டும் திட்டுவது எளிது. ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள்தான் இதில் உண்மையில் ஏமாந்தவர்கள். ஓடிப்போனவர்களின் பாக்கியும் அவர்கள் கொடுத்த விலைக்குள்ளேயே இருந்தது.

1844-ல் ஆக்ஸ்போர்டுக்கும் 1845-ல் கேம்பிரிட்ஜுக்கும் ரயில் வந்தது. லண்டன் தையல்காரர்களும் கிட்டத்தில் வந்துவிட்டார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களையும் விசாரித்த அரசுக் குழுக்கள் 1852-ல் அறிக்கை கொடுத்தபோது, மாணவர்களின் ஆடம்பரமும் கடனும் அதில் தவறாமல் இடம்பெற்றன.

பெரிய இடத்துப் பிள்ளைகள் கடைப்பற்றோடு நிற்கவில்லை. கவிஞர் பைரன் 1805-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு வந்தார். ஆண்டுக்கு 500 பவுண்டு செலவுக்கு வந்தது. வந்த கையோடு போர்ட், ஷெர்ரி, கிளாரெட், மடெய்ரா என்று வகைக்கு ஒரு டஜன், ஆக மொத்தம் நான்கு டஜன் பாட்டில் ஒயினுக்குத் தன் வக்கீலுக்கு எழுதிவிட்டார். பிறகு ஒரு கரடியையும் வாங்கி வளர்த்தார். 500 பவுண்டு எந்த மூலைக்கு? லண்டன் வட்டிக்காரர்களிடம் போனார். வயது வராத பையனுக்குக் கடன் கொடுக்க அவர்கள் ஜாமீன் கேட்டார்கள். லண்டனில் அவர் தங்கிய வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டார். படிப்பு முடிந்தபோது கடன் பல ஆயிரம் பவுண்டு.

21 வயது ஆகாத பையனின் பாக்கியைச் சட்டப்படி வசூலிக்க முடியுமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் சுவையானது. இங்கிலாந்துச் சட்டப்படி அப்போது 21 வயது நிரம்பாதவர் மைனர். மைனர் வாங்கிய கடனுக்கு வழக்குப் போட்டால் நிற்காது. ஒரே விலக்கு, அவசியப் பொருள். அதிலும் அவசியம் என்பது அவரவர் அந்தஸ்தைப் பொறுத்தது. அப்படியென்றால் பணக்கார மாணவருக்குத் தங்கச் சங்கிலி அவசியமா?

1840-ல் இதே கேள்வி கோர்ட்டுக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் மோதிரம், மார்பு ஊசி, கடிகாரச் சங்கிலி எல்லாம் கடனில் வாங்கியிருந்தார். தகப்பனார் வசதிபடைத்தவர், பாராளுமன்ற உறுப்பினர். ஜூரி கடைக்காரர் பக்கம் நின்றது, மேல் நீதிபதிகளும் அதை மாற்றவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1844-ல், ஆக்ஸ்போர்டு மாணவர்கள் பழமும் ஐஸும் இனிப்பும் தருவித்த பாக்கிக்கு வழக்கு. அறையில் நண்பர்களுக்கு விருந்து வைக்க ஐஸ் அவசியம் என்று கடைக்காரர்களால் நிலைநாட்ட முடியவில்லை. ஆக, சங்கிலி தேறியது, ஐஸ் உருகிப்போனது.

1874-ல் வந்த மைனர் நிவாரணச் சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது. அவசியமில்லாத பொருளுக்கு மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது. 21 வயதான பிறகு ‘கொடுத்துவிடுகிறேன்’ என்று சொன்னாலும் அதை வைத்து வழக்குப் போட முடியாது.

இந்த வரிசையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு கொஞ்சம் பிந்தியது. கேம்பிரிட்ஜ் மாணவர் இன்மனுக்கு லண்டன் ஸேவில் ரோ தையல்காரர் நாஷ் 1902, 1903-ல் துணி தைத்துக் கொடுத்தார். அதில் 11 அலங்கார வெயிஸ்ட்கோட்டுகள். 1908-ல் மேல்முறையீட்டிலும் தையல்காரர் தோற்றார். பையனுக்கு ஏற்கெனவே போதிய உடுப்பு இருந்தது என்று தகப்பனார் சாட்சி சொன்னதே காரணம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவும் இதே அவசியப் பொருள் கொள்கைதான். அதனால் சென்னையிலும் மதுரையிலும் சட்டம் படிப்பவர்கள் இந்த 11 வெயிஸ்ட்கோட்டுகளைத் தாண்டாமல் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது.

அப்படியென்றால் கடைக்காரர்கள் எப்படி வசூலித்தார்கள்?

அறைவாசலில் வந்து நின்றுதான். மாணவர்களும் தயாராகவே இருந்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவுகள். வெளிக்கதவு கனமான ஓக் மரம். அதைச் சாத்திவிட்டால் ஆள் இல்லை, அல்லது யாரையும் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். படிக்கிறவர்களும் சாத்தினார்கள், பாக்கி கேட்டு வருபவர்களுக்குப் பயந்தவர்களும் சாத்தினார்கள். யார் எதற்குச் சாத்தினார் என்பது ஸ்கவுட்டுக்கு மட்டும் தெரியும். ஆக்ஸ்போர்டில் துணைவேந்தருக்கென்றே தனிக் கோர்ட்டு இருந்தது. ஊர்க் கடைக்காரர்கள் மாணவர்மேல் கடன் வழக்கை அங்கே கொண்டுபோவார்கள்.

பல்கலைக்கழகத்தின் கையிலும் ஓர் ஆயுதம் இருந்தது. விதியை மீறிக் கடன் கொடுக்கும் கடையை, ‘எந்த மாணவரும் இங்கே வாங்கக்கூடாது’ என்று துணைவேந்தர் தள்ளிவைக்கலாம். மாணவர்களை மட்டுமே நம்பியிருக்கும் ஊரில் அது கடைக்குப் பூட்டுப் போடுவதற்குச் சமம்.

மாணவர்கள் தங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்தார்களா?

மேஜை நாற்காலி விஷயத்தில் செய்தார்கள். அறை வெறும் அறையாகத்தான் கிடைக்கும். போகிறவர் விட்டுப்போகும் சாமான்களை வருகிறவர் எடுத்துக்கொள்வார். ஆக்ஸ்போர்டில் பழைய வழக்கம், முன்னவர் கொடுத்த விலையில் மூன்றில் இரண்டு பங்கு. அவருக்குப் பின்னால் வருபவர் அதில் மூன்றில் இரண்டு பங்கு. நான்காவது கைக்கு வரும்போது நாற்காலியின் கால் ஆடினாலும் விலை மலிவுதான்.

சேவை செய்து படித்தவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் சைஸர், ஆக்ஸ்போர்டில் சர்விட்டர் என்று பெயர். கட்டணச் சலுகைக்குப் பதிலாகப் பந்தியில் பரிமாறுவது போன்ற வேலைகள். நியூட்டன் 1661-ல் டிரினிட்டியில் சேர்ந்தது இந்த வகையில்தான். அவரே சக மாணவர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்து நோட்டில் குறித்துவைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் அந்த எடுபிடி வேலையெல்லாம் போய், சைஸர் என்பது உதவித்தொகை மாதிரி ஆகிவிட்டது.

தனி ட்யூஷன் அப்போதே உண்டா?

உண்டு, அதுவும் அசுர வேகத்தில். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்குபவருக்கு சீனியர் ராங்லர் என்று பட்டம். கல்லூரிப் பாடத்தை நம்பி யாரும் அங்கே போகவில்லை. காசு கொடுத்துத் தனி வாத்தியாரிடம் போனார்கள். அவர்களுக்குக் கோச் என்று பெயர். வில்லியம் ஹாப்கின்ஸ் 17 சீனியர் ராங்லர்களை உருவாக்கினார். அவரிடம் படித்த எட்வர்ட் ரௌத் 1854-ல் முதலிடம் பிடித்தார். அதே தேர்வில் இரண்டாமிடம், பின்னாளில் பெரிய இயற்பியலாளரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். அப்புறம் ரௌத்தே கோச்சாக உட்கார்ந்து, 1888 வரை 20-க்கும் மேற்பட்ட சீனியர் ராங்லர்களைக் கொடுத்தார். ராஜஸ்தானின் கோட்டா நகரத்துக் கோச்சிங் சென்டர்களைப் பார்த்து மலைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பொழுதுபோக்குக்கு என்ன கடைகள்?

வாடகைக் குதிரை, வாடகை வண்டி, வாடகைப் படகு. ஆக்ஸ்போர்டின் ஃபாலி பாலத்தருகே சால்ட்டர் சகோதரர்கள் 1858-ல் தொடங்கிய படகுத் தொழில் புகழ்பெற்றது. 1850-களில் புகைப்பட ஸ்டூடியோக்களும் வந்து சேர்ந்தன. படகுக் குழுவோடு ஒரு படம், அங்கியோடு ஒரு படம், நண்பர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பிரதிகள்.

இரவில் நேரம் கழித்து வந்தால்?

அதற்கும் காசுதான். ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச்சின் பெரிய மணி இரவு 9:05-க்கு 101 முறை அடிக்கும். கல்லூரி வாசல்கள் சாத்தப்படும். அதன்பிறகு கதவைத் தட்டினால் வாயில்காரர் பெயரை எழுதிக்கொள்வார். நேரம் ஆக ஆகக் கட்டணம் கூடும். நள்ளிரவு தாண்டினால் காசு செல்லாது, விசாரணைதான்.

வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

நீண்ட காலம் வரவே இல்லை. 1868-ல் ஆக்ஸ்போர்டும் அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜும், எந்தக் கல்லூரியிலும் சேராமல் ஊரில் தங்கிப் படிக்க அனுமதித்தன. ஆக்ஸ்போர்டில் 1870-ல் திறந்த கீபிள் கல்லூரி வேறு வழியில் போனது. ஒரே கட்டணம், எல்லாச் சாப்பாடும் ஹாலில், அறையில் சாமான்கள் கல்லூரியுடையவை. படிக்கட்டுக்குப் பதிலாக நீண்ட வராந்தாக்கள். தனித்தனி விருந்துக்கும் மிச்சம் மீதிக்கும் இடமே வைக்காத கட்டடம். ஸ்கவுட்டுகள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்!

அமெரிக்காவிலும் இப்படித்தானா?

வேறு சாயலில். ஹார்வர்டில் படுக்கை போட வரும் பெண்களை ‘கூடி’ (Goody) என்று அழைத்தார்கள். 1850-களிலிருந்து ஜான் லவெட் என்ற ஐரிஷ்காரர் அங்கே பழம் விற்றார். ஆரஞ்சுக்கார ஜான் என்று எல்லாருக்கும் பழக்கம். கழுதை வண்டியோடு விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய், ஹார்வர்டு அணிக்கு அதிர்ஷ்டச் சின்னமாகவே ஆகிவிட்டார். கழுதையின் பெயர் ஆனி ராட்கிளிஃப்; பக்கத்திலிருந்த பெண்கள் கல்லூரியின் பெயரும் ராட்கிளிஃப்தான்.

கடன் விலைக்கு உருப்படியான மாற்று கண்டவர்களும் அங்குள்ள மாணவர்கள்தான். 1882-ல் ஹார்வர்டு மாணவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, புத்தகமும் எழுதுபொருளும் குளிர்காலத்துக்கான விறகும் நிலக்கரியும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் ஹார்வர்டு சதுக்கத்தில் கடை நடத்துகிறது. நிலக்கரி மட்டும் இப்போது விற்பதில்லை.